ஓலையில் வந்த பெயர்

எங்கள் சபையில் அவளுக்குப் பெயர் பித்தளை. சின்னவர்கள் பித்தளை அக்கா என்பார்கள், பெரியவர்களுக்கு வெறும் பித்தளை. மறைவாக இல்லை, முகத்துக்கு நேராகத்தான் கூப்பிடுவோம்; அவளும் "சொல்லுங்க" என்று திரும்புவாள். இதை எழுதுகிற நான் அந்தச் சபையின் செயலாளர். இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் ஏதாவது ஒரு பட்டப்பெயர் இருக்கும். என் மனைவிக்கு அது தெரியும், கேட்டால் சிரிப்பாளே தவிர சொல்ல மாட்டாள்.

அவளுடைய தாய் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். தகப்பன் கப்பலில் வேலை கிடைத்ததென்று போனார், போனவர்தான். எங்கள் கோயிலில்தான் அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது, எங்கள் ஓய்வுநாள் பள்ளியில்தான் படித்தாள். தாய் இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அடக்கம் முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெண்கள் சங்கத்து அம்மாக்கள் ஒன்றுகூடி, இந்தப் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசினார்கள். பேசிப் பேசி, சனிக்கிழமைதோறும் கோயில் பித்தளைச் சாமான்களைத் துலக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஊழியம் என்று பெயரும் வைத்தார்கள். எங்களுக்கு இரக்கம் வந்தால் அது அடுத்தவர் தலையில் வேலையாகத்தான் இறங்கும்.

சாமான்கள் கொஞ்சமில்லை. ஆளுயர மெழுகுவர்த்தித் தண்டுகள் இரண்டு, சின்னவை ஆறு, பீடத்துச் சிலுவை, பூச்சாடிகள், கதவுக் கைப்பிடிகள், செத்துப்போன பெரிய மனிதர்களின் நினைவுத் தகடுகள். எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது வேதவாசகம் வாசிக்கும் கழுகு. சிறகு விரித்து நிற்கும் அந்தப் பித்தளைக் கழுகின் முதுகில்தான் எங்கள் வேதாகமம் இருக்கும். ஒவ்வொரு இறகிலும் கோடு கோடாக வேலைப்பாடு. கோட்டுக்குள் பாலிஷ் காய்ந்து வெள்ளையாக நின்றுவிடும். தீக்குச்சி முனையில் துணி சுற்றி ஒவ்வொரு கோடாக எடுக்க வேண்டும்.

அடுத்த வருடமே அவள் ஒரு பல் லேபில் சேர்ந்தாள். டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற வாய் அச்சுக்குச் சரியாகப் பல் செட்டு செய்து கொடுக்கும் இடம். அங்கே அவளுக்கு மெருகு வேலை. சுழலும் துணிச் சக்கரத்தில் ஈரமான நுரைக்கல் தூளை வைத்து, ரோஸ் நிற ஈறு பளபளக்கும்வரை செட்டைப் பிடித்துக் காட்ட வேண்டும். விரல் அசந்தால் செட்டு பறந்து சுவரில் மோதி இரண்டாகும். அந்தத் தூளில் ஒரு பிடி கேட்டு வாங்கிவந்து, ஆர்வக்கோளாறில் கழுகின் அடியில் இருந்த தகட்டைத் தேய்த்திருக்கிறாள். தகடு தகதகவென்று ஆனது. அதில் வெட்டியிருந்த பெயரும் பாதி போனது. அது சங்கத் தலைவியம்மாவின் தாத்தா பெயர்.

"இந்தப் பித்தளைக்குக் கொடுத்த வேலையில பித்தளையே மிஞ்சாது போல இருக்கே" என்று தலைவியம்மா அன்று ஆராதனை முடிந்து வாசலில் நின்று சொன்னார். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு ஒட்டியது முப்பது வருடம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

முப்பது வருடத்தில் எங்கள் சபையில் பாதிப் பேருடைய வாய் அவள் கை வழியாகப் போய் வந்திருக்கிறது. யாருக்கு மேல்செட்டு, யாருக்குக் கீழ்செட்டு, பாட்டுக்குழுவில் உச்சஸ்தாயி பிடிக்கிற அம்மாவுக்கு எத்தனை பல் சொந்தம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அவளிடம் வாயைத் திறந்து பேச வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தேழாவது வயதில் கல்யாணம் கூடி வந்தது.

மாப்பிள்ளை பஸ் டிரைவர். பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சபைக்காரர், ஐம்பத்துநான்கு வயது, மனைவி இறந்து எட்டு வருடம், பிள்ளைகள் இல்லை. கீழ்செட்டு ஈறில் குத்துகிறதென்று டாக்டர் லேபுக்கே அனுப்பியிருக்கிறார். அவள் விளிம்பைச் சீவிக் கொடுத்தாள். மறுபடியும் குத்துகிறதென்று வந்தார். இன்னும் கொஞ்சம் சீவினாள். அதற்குப் பிறகும் நான்கு தடவை வந்தாராம். இதற்கு மேல் சீவினால் பல்லே இருக்காது என்று லேப் முதலாளியம்மா சொன்ன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கோயிலில் ஓலை வாசித்துக் கட்ட வேண்டும் என்று. ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை சபையிலும் பெண் சபையிலும், எல்லார் முன்னாலும் இரண்டு பேருடைய முழுப் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது உண்டா என்று குருவானவர் கேட்பார். யாரும் பேசாவிட்டால் கல்யாணம். முப்பது வருடமாக அடுத்தவர்களின் ஓலையைக் கேட்டுக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் தன் ஓலையையும் ஒரு முறை கேட்க ஆசைப்பட்டாள். இதைப் பேராசை என்று யாராலும் சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறும் எங்களுக்கு அட்வென்ட், ஆண்டவர் வருகைக்குக் காத்திருக்கும் காலம். அந்த நாட்களில் கல்யாணம் கிடையாது, ஓலை வாசிக்கலாம். ஜனவரி இரண்டாம் வாரம் கல்யாணம் என்று முடிவாகி, முதல் அட்வென்ட் ஞாயிறே முதல் ஓலை என்று குறித்தார்கள். குருவானவர் இளைஞர், எங்கள் சபைக்கு வந்து நான்கு மாதம். அவளிடம் முறையாகப் பெயர் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். பித்தளை என்ற பட்டப்பெயர் அவர் காதுக்கு இன்னும் போகவில்லை.

அன்று கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு ஊதாத் துணி போட்டிருந்தார்கள். இலை சுற்றிய வளையத்தில் ஊதா மெழுகுவர்த்தி மூன்று, ரோஸ் ஒன்று. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம். முதல் திரியை ஏற்றி, விழித்திருங்கள் என்ற வேதபாடத்தை வாசித்து, பிரசங்கத்தில் நானும் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த நேரத்தில் குருவானவர் ஓலையை வாசித்தார். "நம்முடைய சபையைச் சேர்ந்த" என்று தொடங்கி ஒரு பெண்ணின் ஞானஸ்நானப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார்.

யார் அது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் என் மனைவி உதட்டைப் பிதுக்கினாள். முன் பெஞ்சில் தலைவியம்மா திரும்பிப் பார்த்தார். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. சபையில் எனக்குத் தெரியாமல் ஒரு பெயரா? ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பட்டியலைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவன் நான். ஆபீஸ் வேலையில் இருந்த காலத்தில் என் கையைத் தாண்டி ஒரு தப்பான காகிதம் போனதில்லை. புதுக் குருவானவர், வேறு சபை ஓலையை மாற்றி வாசிக்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன்.

"தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்றார் குருவானவர்.

அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு மூச்சு விடும் நேரம் மௌனமாக இருப்பது வழக்கம். எனக்குத் தெரிந்து அந்த மௌனத்தில் யாரும் வாயைத் திறந்ததில்லை. நான் எழுந்தேன்.

"ஐயா, அப்படி ஒரு ஆள் நம்ம சபையில இல்லீங்க."

குருவானவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். அங்கே அவள் எழுந்து நின்றாள். புதிதாகத் தைத்த வெளிர்நீல ரவிக்கை, கையில் பாட்டுப் புத்தகம்.

"நான்தான் சார்" என்றாள்.

பாட்டுக்குழுப் பக்கம் யாரோ "பித்தளையா?" என்றார்கள், சிரிப்பு கிளம்பியது. பித்தளைக்கு அப்படி ஒரு பெயரா, பித்தளைக்குக் கல்யாணமா, இந்த வயதிலா, எது சிரிப்பு மூட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு, பொத்தாமல் சிரித்தவர்கள் அதிகம். நானும் சிரித்தேன். நான் நின்றுகொண்டே சிரித்தேன், அவளும் நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"மன்னிச்சுக்கோம்மா, பேர் தெரியாமப் போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். இவ்வளவு பெரிய கூட்டத்தில் எழுந்து நின்றவன் சும்மா உட்கார முடியுமா? என் கௌரவம் என்னாவது? ஆராதனை முடிந்ததும் சட்டப் புத்தகத்தோடு குருவானவர் அறைக்குப் போனேன். ஓலைக்கு வெளிப்படையாகத் தடை எழுப்பப்பட்டால் அந்த ஓலை செல்லாது, கமிட்டி விசாரித்து முடிவெடுக்கும்வரை மறுபடி வாசிக்கக் கூடாது என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"அது ஆள் தெரியாம நடந்த குழப்பம்தானே சார்" என்றார் குருவானவர்.

"எதுவா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான் ஐயா" என்றேன். புதிதாக வந்தவர், முதல் அட்வென்ட்டிலேயே செயலாளரோடு மோத வேண்டாம் என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டினார்.

அன்று மாலை சபைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயர் உண்மையிலேயே அதில் இல்லை. பழைய பட்டியல் கிழிந்துபோனதால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் புதுப் புத்தகத்தில் நான்தான் என் கையால் எல்லாப் பெயரையும் எடுத்து எழுதினேன். கிழிந்த பக்கங்களை ஞாபகத்திலிருந்து நிரப்பினேன். முந்நூற்று நாற்பதாம் எண்ணுக்கு நேராக, பெயர் என்ற இடத்தில், பித்தளை என்று அழகாக எழுதியிருந்தேன். எழுதும்போது கை கூசியதாக ஞாபகம் இல்லை.

புதன்கிழமை கமிட்டி கூடியது. நான் செய்த தப்பை நானே சொல்லும் அளவுக்கு நல்லவன் இல்லை. "பட்டியல்ல அந்தப் பேர் இல்ல. ஞானஸ்நானப் புத்தகத்துல இருக்கு. ஆனா அந்தக் குழந்தைதான் இந்தப் பொம்பளைன்னு யாராவது சாட்சி சொல்லணும்" என்றேன். சபையார் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், மறுவாரமே ஓலையைத் தொடங்கலாம் என்று தீர்மானமாயிற்று. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர். அன்று எனக்கே அது பெரிய விஷயமாகப் படவில்லை.

குருவானவர் தாளை அவளிடமே கொடுத்து வாங்கிவரச் சொன்னார். லேப் முடிந்து சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனாள். முதலில் தலைவியம்மா வீடு. அவருக்கு அவள் தாயையும் தெரியும், ஞானஸ்நான விருந்தில் கேக் தின்றவர்.

"உன்னைத் தெரியாதுன்னு யார் சொன்னா? பித்தளைன்னு நல்லாத் தெரியும். அந்தப் பேருக்காரி நீதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு கட்டளையே இருக்கு" என்றாராம். கடைசியில், "கிறிஸ்துமஸ் முடியட்டும், பார்க்கலாம். இந்த வருஷம் கழுகை ரெண்டு தடவை துலக்கணும், பிஷப் வர்றாரு" என்று சேர்த்துச் சொன்னார்.

பாட்டுக்குழுத் தலைவர், செயலாளர் எழுப்பின தடையில் தான் தலையிட்டால் நன்றாக இருக்காது என்றார். ஒருவர் கண்ணாடியைக் காணோம் என்றார், கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. ஒருவர் வாசலிலேயே நிற்க வைத்து, வேதத்தில் இரண்டு வசனம் சொல்லி, காத்திருக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று ஆசீர்வதித்து அனுப்பினார். யாருக்கும் அவள் மேல் கோபம் இல்லை. பேனாவை எடுக்கத்தான் சோம்பல். ஆளுக்கொரு கட்டளை கையில் இருந்ததால் சோம்பலுக்கு நல்ல உடுப்பும் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்கும் வந்தாள். என் மனைவி தாளை வாங்கிப் பேனாவைத் தேடினாள்.

"நான் சபையில எழுந்து சொன்னதுக்கு நீ மறுப்பு எழுதப் போறியா?" என்றேன்.

"ரெண்டு எழுத்துங்க. என்ன குடி முழுகிடப் போகுது?"

"முழுகும். வை."

என் மனைவி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பரவாயில்லீங்கம்மா" என்று போனாள். அன்று இரவு எனக்கு வட்டிலில் விழுந்த சோற்றின் சத்தத்தை வைத்தே என் மனைவியின் கருத்து என்ன என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் அட்வென்ட் ஞாயிறு இரண்டாவது திரி ஏற்றினோம், ஓலை இல்லை. ஆராதனைக்குப் பிறகு கூடத்தில் டீ. அங்கே முன்பின் தெரியாத ஒரு அம்மா நின்றிருந்தார். மாப்பிள்ளையின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவர்கள் சபையில் ஓலை சுமுகமாக நடக்க, இங்கே ஏன் நின்றது என்று கேட்டுப் போக வந்திருந்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்மாக்களிடம் பெண்ணின் பெயரைச் சொல்லி, எப்படிப்பட்டவள் என்று விசாரித்தார்.

"அப்படி யாரு?" என்றார் ஒருவர்.

"அதான், நம்ம பித்தளை" என்றார் இன்னொருவர். கோப்பைகள் குலுங்கும்படி சிரித்தார்கள்.

"ஏன் பித்தளைன்னு சொல்றீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அது பழைய கதை. விடுங்க" என்றார் தலைவியம்மா. தாத்தா தகட்டுக் கதையைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். தங்கம் என்று நம்பி ஏமாந்ததைப் பித்தளை என்று சொல்வது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. அதிலும் ஒரு பழைய கதை இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறார்கள், சிரிக்கிறார்கள். கூடப் பிறந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஊற்றிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு அவர் போனார். நான் மூன்றடி தூரத்தில் கேக் தின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு ரோஸ் மெழுகுவர்த்தி. சந்தோஷத்தின் ஞாயிறு என்று அதற்குப் பெயர். அன்றைக்கும் ஓலை இல்லை, தாளில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. டீக்கு ஒரு பிஸ்கட்டைக் கடித்தேன், என் மேல்செட்டு நடுவில் விரிசல் விட்டுவிட்டது.

எனக்குச் செட்டு இருப்பது என் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஒன்பது வருடமாக நம்பியிருந்தேன். திங்கட்கிழமை டாக்டர் ஊரில் இல்லை. வாய்க்குக் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு நேரே லேபுக்குப் போனேன். நீளமான அறை, மாவு மாதிரி வெள்ளைத் தூசி, அலமாரி முழுக்க ஊர்க்காரர்களின் வாய் அச்சுகள். முதலாளியம்மா உள்ளே பார்த்து அந்தப் பெயரைச் சொல்லி, "அம்மா, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். ஓலையில் கேட்ட அதே பெயர். இங்கே அது தினமும் புழங்குகிற பெயர்.

அவள் முகமூடியை இறக்கிவிட்டு வந்தாள். செட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் செஞ்சதுதான் சார். ஒன்பது வருஷம் ஆகுது. உட்காருங்க, ஒட்டித் தர்றேன்."

ஒரு மணி நேரம் பொக்கை வாயோடு அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். விரிசலைச் சீவினாள், கரைசல் ஊற்றினாள், இறுகவிட்டாள், சக்கரத்தில் பிடித்து மெருகேற்றினாள். ஓலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீரில் அலசிக் கையில் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன், அப்படியே பொருந்தியது. வாய் பேச வந்ததும் முதல் முறையாக வெட்கமும் வந்தது. அந்தத் தாள் எங்கே என்று கேட்டேன். அவள் பையிலிருந்து எடுத்தாள். நான்காக மடித்த மடிப்புகளில் நைந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். "வீட்டுக்காரி கையெழுத்தும் சாயங்காலம் ஆகிடும்" என்றேன்.

"ரொம்ப நன்றி சார்" என்றாள். கொஞ்சம் நின்று, "ஆனா அவங்க வீட்டுல யோசிக்கிறாங்க. ரெண்டு கையெழுத்துக்கு வழியில்லாத பொண்ணுன்னு அவங்க அக்கா சொல்றாங்களாம். அவர் நாலு நாளா இந்தப் பக்கம் வரல" என்றாள். அழவில்லை. ஆனால் சக்கரத்தை நிறுத்த மறந்துவிட்டாள், அது வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் போய்ச் சொல்றேன். என்னால வந்தது, நானே சரி பண்றேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்தது.

வியாழக்கிழமை காலை பஸ் டெப்போவுக்குப் போனேன். அவர் தன் பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டையான மனிதர், சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, தலை வாரி இருந்தார். யார் என்று சொன்னேன்.

"எழுந்து நின்னவர் நீங்கதானா?"

"ஆமாங்க. தப்பு என்னுதுதான். இப்ப கையெழுத்து ஆகிடுச்சு. இந்த ஞாயிறே ஓலையைத் தொடங்கலாம், கல்யாணத்துக்குள்ள மூணும் முடிஞ்சிடும்."

அவர் துணியைப் பிழிந்து படியில் போட்டார். "எனக்கு அவங்க மேல சந்தேகம் ஒண்ணும் கிடையாது சார். ஆனா எங்க அக்காதான் என்னை வளர்த்தவங்க. அவங்களை மீறிப் போறதுன்னா எனக்கு ஒரு காரணம் வேணும். நீங்க சபையில பெரியவர், உங்க வார்த்தையைச் சொன்னா அக்கா கேப்பாங்க. அவங்க எப்படிப்பட்டவங்கன்னு சொல்லுங்க. அப்படியே போய்ச் சொல்லிடறேன்."

"நம்ம பித்தளை ரொம்ப நல்லவங்க" என்றேன்.

நாக்கு பழகிய வழியில் போய்விட்டது. அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். "எப்படி நல்லவங்க?"

எனக்கு என்ன தெரியும் என்று தேடினேன். முப்பது வருடம், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. அவள் எங்கே குடியிருக்கிறாள்? தெரியாது. உடம்புக்கு முடியாவிட்டால் யார் பார்க்கிறார்கள்? தெரியாது. பாடுவாளா, சிரிப்பாளா, யாரோடாவது சிநேகமா? அவள் தாயின் பெயர்கூட ஞானஸ்நானப் புத்தகத்தில் படித்ததுதான். திங்கட்கிழமை எனக்குச் செட்டு ஒட்டிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து, என்னைக் குத்திக்காட்டாமல் வேலை செய்தாள் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். ஆனால் பொய்ப்பல் என்று சொல்ல வேண்டி வரும். பக்கத்தில் கண்டக்டர் நின்றிருந்தார்.

"பித்தளை நல்லாத் துலக்குவாங்க" என்றேன்.

அவர் இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"அவ்வளவுதானா சார்?"

"கழுகு இறகெல்லாம்கூடத் தீக்குச்சி வெச்சுச் சுத்தம் பண்ணுவாங்க."

"சரிங்க சார்" என்றார். ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை எடுத்தார். மறுநாளே லேபுக்கு ஆள் மூலம் செய்தி வந்துவிட்டது.

நான்காம் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் குருவானவர் அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். குருவானவருக்கு விஷயம் தெரியாது. இரண்டு கையெழுத்தும் விழுந்த தாளை மேஜையில் விரித்து, "இன்னைக்கு முதல் ஓலை வாசிச்சிடலாம்மா" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"வேணாம் ஐயா. அவங்க வேண்டாம்னுட்டாங்க" என்றாள் அவள். பீடத்துச் சின்ன மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று அவள் மடியில் இருந்தது, அடிப்பக்கத்து மெழுகைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

குருவானவர் என்னைப் பார்த்தார். ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. அலமாரியிலிருந்து சபைப் பட்டியலை எடுத்து, முந்நூற்று நாற்பதாம் எண்ணைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். "இதை அடிச்சிட்டு உங்க பேரை எழுதிடறேன். இது என் தப்பு, ஆரம்பத்திலேயே நான் சொல்லியிருக்கணும்" என்றேன். பேனாவைத் திறந்தும்விட்டேன்.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குனிந்து படித்தாள். அதில் தன்னை எப்படி எழுதியிருக்கிறது என்று அவள் அன்றைக்குத்தான் பார்க்கிறாள். வரியை ஒரு முறை படித்தாள், மறுபடியும் படித்தாள்.

"விடுங்க சார். அடிச்சா பக்கம் அசிங்கமாயிடும்" என்றாள். தண்டை எடுத்துக்கொண்டு பீடத்துப் பக்கம் போனாள்.

நானும் குனிந்து அந்த வரியைப் பார்த்தேன். பக்கம் உண்மையிலேயே சுத்தமாக இருந்தது, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பேனாவை மூடினேன். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.